டிம்முக்குள் ஒரு கணக்கு

பழைய அம்பாசடர், ஜீப், புல்லட் எல்லாவற்றுக்கும் முகத்தில் ஓர் ஒற்றுமை உண்டு: 7 அங்குல வட்ட ஹெட்லைட். வண்டிக்கு வயதாக ஆக அதன் வெளிச்சம் மங்கும். உரிமையாளர் ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்குப் போய், "100 வாட் பல்பு குடுங்க" என்பார். ஆனால் பல்பு, அதன் பின்னாலிருக்கும் ரிஃப்ளெக்டர், முன்கண்ணாடி மூன்றும் சேர்ந்ததுதான் விளக்கு. இழை ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் சாலையில் விழும் ஒளி மாறிவிடும்.

இவ்வகை விளக்குகளில் பரவலாகப் பொருந்துவது எச்4 ஆலசன் பல்பு. 1971-இல் ஐரோப்பாவில் வந்தது. அதற்குள் இரண்டு டங்ஸ்டன் இழைகள். பிரைட்டுக்கான 60 வாட் இழை, பரவளைய வடிவ ரிஃப்ளெக்டரின் குவியத்தில் நிற்கிறது. குவியத்திலிருந்து கிளம்பும் ஒளி ரிஃப்ளெக்டரில் பட்டு இணைகதிர்களாகத் திரும்புவதால் தூரம் தெரிகிறது. டிம்முக்கான 55 வாட் இழையோ குவியத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அங்கிருந்து மேல்பாதிக்குப் போகும் ஒளி சாலையை நோக்கிச் சரியும்; கீழ்ப்பாதிக்குப் போவது மேலெழுந்து எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கும். அதனால் இழையின் அடியில் ஒரு சின்ன உலோகத் தட்டை வைத்து, கீழே போகும் ஒளியை மறித்துவிட்டார்கள்.

அந்தத் தட்டின் ஒரு விளிம்பு 15 பாகை சாய்ந்திருக்கும். நடந்து போகிறவர்கள் தெரிவதற்காகச் சாலையோரப் பக்கம் மட்டும் ஒளியைச் சற்று உயர்த்துவது அந்தச் சாய்வுதான். நமக்கு அது இடப்பக்கம். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த விளக்கை வாங்கி மாட்டினால், உயர்ந்த ஒளி நேரே எதிர்வண்டிக்காரரின் கண்ணுக்குப் போகும்.

ஹெட்லைட்டின் மேல்பாதியில் கறுப்பு பூசும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. கூச்சத்தைக் குறைக்கச் செய்ததுதான். ஆனால் தட்டு வைத்த பல்பில் டிம் ஒளியின் பெரும்பகுதி வெளியேறும் வழியே அந்த மேல்பாதி. பூசியவர்கள் அடைத்தது தங்கள் சாலையை.

அப்படியானால் பழைய விளக்கு ஏன் மங்குகிறது? பெரும்பாலும் குற்றவாளி வயரிங். 55 வாட் பல்புக்குச் சுமார் நாலரை ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். தேய்ந்த சுவிட்ச், பச்சை பிடித்த முனைகள், துருவேறிய எர்த் ஒவ்வொன்றும் கொஞ்சம் மின்னழுத்தத்தைத் தின்னும். இழையின் ஒளி மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4 மடியில் மாறுவது. மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் ஒளி 30 சதவீதம் போய்விடும். இந்த வயரிங்கில் 100 வாட் மாட்டினால் மின்னோட்டம் இரட்டிப்பை நெருங்கும், வழியில் நேரும் இழப்பும் அதோடு ஏறும், ஹோல்டர் உருகும். ஒரு ரிலே, தடித்த வயர், சுத்தமான எர்த் இருந்தால் 55 வாட் பல்பே பளிச்சென்று எரியும்.

அடுத்து ரிஃப்ளெக்டர். அதன் பளபளப்பு மெல்லிய அலுமினியப் பூச்சு. கறுத்துவிட்டால் எந்தப் பல்பும் உதவாது, துணியால் துடைத்தால் பூச்சே போகும். அமெரிக்கா 1940-இல் இழை, ரிஃப்ளெக்டர், முன்கண்ணாடி எல்லாவற்றையும் ஒரே கூடாக மூடிய 'சீல்டு பீம்' விளக்கைக் கொண்டுவந்தது. இழை அறுந்தால் மொத்தத்தையும் மாற்ற வேண்டும். ஆனால் கூடவே புது ரிஃப்ளெக்டரும் கிடைத்துவிடும்.

ஆலசன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதே என்பார்கள். இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன், சூடான கண்ணாடிச் சுவரருகே அயோடின் அல்லது புரோமினோடு சேர்ந்து, இழைக்கே திரும்பிப் படிகிறது. அதனால்தான் பல்பு கறுப்பதில்லை. இந்தச் சுழற்சிக்குக் கண்ணாடி 250 பாகை செல்சியஸுக்கு மேல் கொதிக்க வேண்டும். அந்தச் சூட்டில் விரல் எண்ணெய் கருகி, அந்த இடம் மட்டும் அதிகம் சூடேறி, கண்ணாடி பலவீனமாகும்.

எல்இடி பல்பு மாட்டலாமா? இழை ஒரு மெல்லிய உருளை. சுற்றிலும் ஒளி சிந்தும். எல்இடி சில்லுகளோ ஒரு தகட்டின் இரு பக்கமும் ஒட்டியவை. தகட்டின் தடிமன் அளவுக்கு ஒளி பிறக்கும் இடம் விலகினாலே ரிஃப்ளெக்டரின் கணக்கு குலையும். வண்டிக்கு முன்னால் பத்தடி வெள்ளை வெளேரென்று தெரியும், தூரம் இருண்டிருக்கும், எதிரே வருபவர் திட்டுவார். எல்இடி வேண்டுமென்றால், இடப்பக்கம் ஓட்டும் சாலைக்காகவே வடிவமைத்த முழு விளக்காக மாற்றுவதே சரி. நீலப் பூச்சுள்ள ஆலசன் பல்புகளும் வெண்மைக்காகக் கொஞ்சம் ஒளியை விழுங்கிவிடுபவை.

ஆகவே முதலில் பல்பு ஹோல்டரில் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள், பிறகு ரிஃப்ளெக்டர், கடைசியில் தரமான 60/55 வாட் பல்பு. மாட்டியபின் சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி டிம் போடுங்கள். சுவரில் தெரியும் ஒளியின் மேல்விளிம்பு, விளக்கின் மைய உயரத்துக்கு 10 செ.மீ. கீழே இருக்க வேண்டும். விளக்கு 65 செ.மீ. உயரத்தில் இருந்தால் அந்த ஒளி 65 மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும். பின்சீட்டில் ஆளும் டிக்கியில் மூட்டையும் ஏறினால் வண்டியின் மூக்கு உயரும், கணக்கு தப்பும். அதனால் வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு வைத்தே திருகைத் திருப்புங்கள்.