மீட்டரைப் பாருங்கள், விரயத்தைத் தடுங்கள்!



உளூச் செய்யும்போது ஒருவர் குழாயைத் தேவைக்கு மேல் திறந்துவிட்டால், அருகில் இருப்பவர் உடனே அவரை எச்சரிக்கிறார். வீணாக ஓடும் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது. ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறி வழியே வீணாகும் மின்சாரமோ எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. இரண்டு மாதங்கள் கழித்துக் கட்டணம் வந்த பிறகே திடுக்கிடுகிறோம். அப்போது வருந்தி என்ன பயன்?

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மின்கணக்கு எடுக்கப்பட்டு வருகிறது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தைச் சற்றுக் கவனியுங்கள். 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட் செலவழித்த வீட்டுக்கு 2,030 ரூபாய். கூடுதலாகச் செலவானது 10 யூனிட். கூடுதலாகச் செலுத்தியதோ 305 ரூபாய்! 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளும் 2.25 ரூபாய்க்குப் பதிலாக 4.50 ரூபாய் வீதம் கணக்கிடப்பட்டதே இதற்குக் காரணம். அதன் பின்னர் கட்டணங்கள் மாறியுள்ளன. தற்போதைய பட்டியலைக் கேட்டறிந்து கொள்ளுங்கள். எல்லையைத் தாண்டும் கடைசிச் சில யூனிட்டுகளே குடும்பத்தின் வரவு செலவைக் குலைக்கக்கூடும் என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

இதற்கு வழி என்ன? நாள்தோறும் கணக்கு எழுதுவதே வழி. சுப்ஹுத் தொழுகைக்குப் பின் மீட்டரில் யூனிட்டைக் காட்டும் எண்ணை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மறுநாள் எண்ணிலிருந்து முதல்நாள் எண்ணைக் கழித்தால் ஒருநாள் செலவு கிடைத்துவிடும். பள்ளி செல்லும் பிள்ளையிடம் இப்பொறுப்பை ஒப்படைத்தால் அவனுக்குக் கணக்கும் வரும், சிக்கனமும் வரும்.

கணக்கெடுத்து 40 நாட்களில் 360 யூனிட் ஆகியிருக்கிறது என்று வையுங்கள். நாளொன்றுக்கு 9 யூனிட். இப்படியே சென்றால் 60 நாட்களில் 540 ஆகிவிடும். மீதமுள்ள 20 நாட்களில் நாளுக்கு 7 யூனிட்டாகக் குறைத்தால் 500-க்குள் நின்றுவிடலாம். 2022ஆம் ஆண்டின் கட்டணப்படி இதனால் மிஞ்சும் தொகை 545 ரூபாய். நோட்டு இல்லாதவருக்கு இந்த எச்சரிக்கை கிடைக்காது.

எங்கே குறைப்பது? 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் 1 யூனிட். 2,000 வாட் கீசர் அரை மணி நேரத்திலேயே அதைச் செலவழித்துவிடும். 75 வாட் மின்விசிறி 10 மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட். 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை ஏறத்தாழ 9 வாட் எல்.இ.டி. பல்பு தந்துவிடுகிறது. ரிமோட்டில் மட்டும் அணைக்கப்பட்ட டி.வி.யும் செட் டாப் பாக்ஸும் தொடர்ந்து மின்சாரத்தை இழுக்கின்றன. அவற்றுள் ஒன்று 10 வாட் எடுத்தாலே 60 நாட்களில் 14 யூனிட்டுக்கு மேல் போய்விடும்! சுவரில் உள்ள சுவிட்சை அணைப்பதே முறை.

மற்றொரு சோதனையும் உண்டு. வீட்டிலுள்ள எல்லா சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, மீட்டரில் சிமிட்டும் சிறு விளக்கைப் பாருங்கள். அது தொடர்ந்து சிமிட்டினால், நீங்கள் மறந்த ஏதோ ஒரு கருவி இயங்குகிறது. அல்லது ஒயரிங்கில் கசிவு இருக்கலாம். கசிவு பணத்தை மட்டுமல்ல, உயிரையும் பறிக்கக்கூடியது. தாமதிக்காமல் தேர்ந்த எலக்ட்ரீஷியனை அழையுங்கள். மீட்டரை நீங்களே திறக்காதீர்கள்.

ஒன்றை மறந்துவிட வேண்டாம். சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. நோயுற்ற தாயின் அறையில் மின்விசிறியை நிறுத்துவதும், படிக்கும் பிள்ளையின் விளக்கைப் பறிப்பதும் சிக்கனமாகா. தேவைக்குத் தாராளமாகச் செலவிடுங்கள். எவருக்கும் பயன்படாமல் போவதை மட்டும் நிறுத்துங்கள். எது தேவை, எது விரயம் என்பதை உங்கள் வீட்டு நோட்டே காட்டிக் கொடுக்கும். நாளை காலையே முதல் எண்ணை எழுதுங்கள்!