தொங்கினால் பலிக்கும்... விழுந்தால் பேராசை! - ஹாங்காங் வேண்டுதல் மரத்தின் கதை

சந்திரப் புத்தாண்டு விடுமுறை நாள்களில் ஹாங்காங்கின் தை போ மார்க்கெட் ரயில் நிலையத்துக்கு வெளியே 64கே பேருந்துக்காகப் பெரிய கூட்டம் காத்திருக்கும். பேரனின் கையைப் பிடித்த பாட்டி, கைக்குழந்தையோடு வந்த தம்பதி, பரீட்சைக்குத் தயாராகும் மாணவர்கள் எனப் பல வயதுக்காரர்கள் அதில் இருப்பார்கள். நிறைய பேர் போகும் இடம் ஒன்றுதான். லாம் சுவென் பள்ளத்தாக்கில், ஃபாங் மா போ என்ற கிராமத்தில் நிற்கும் வேண்டுதல் மரம்.

வானுயர்ந்த கட்டடங்களுக்குப் பெயர்போன ஊரில், ஒரு கிராமத்து மரத்துக்கு இத்தனை மவுசு ஏன்?

ஆரஞ்சைத் தூக்கி எறி!

மரத்துக்குப் பக்கத்திலேயே டின் ஹாவ் கோயில் இருக்கிறது. டின் ஹாவ், கடலுக்குப் போகிறவர்களைக் காப்பாற்றும் தெய்வம். மீனவர்களின் ஊராக இருந்த ஹாங்காங்கில் இந்த அம்மனுக்குக் கடற்கரை எங்கும் கோயில்கள் உண்டு. லாம் சுவென் கோயில் 18-ம் நூற்றாண்டில், சியான்லாங் பேரரசர் காலத்தில் கட்டப்பட்டது. கோயிலுக்கு வந்தவர்கள் அப்படியே மரத்தையும் கும்பிட, காலப்போக்கில் கோயிலைவிட மரம் பிரபலமாகிவிட்டது.

வேண்டிக்கொள்ளும் முறை சுவாரஸ்யமானது. சிவப்பும் மஞ்சளுமான பூஜைக் காகிதத்தில் தன் பெயர், பிறந்த தேதி, வேண்டுதல் மூன்றையும் கைப்பட எழுத வேண்டும். காகிதத்தைச் சுருட்டி, நூலால் ஓர் ஆரஞ்சுப் பழத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். பிறகு மரத்தைப் பார்த்து, மனசுக்குள் வேண்டிக்கொண்டு, பலம்கொண்ட மட்டும் வீச வேண்டும்.

அது ஏன் ஆரஞ்சு? கான்டனீஸ் மொழியில் அந்தப் பழத்தின் பெயரும் தங்கத்தின் பெயரும் ஒரே மாதிரி ஒலிக்கும். அதனால் அது செல்வத்தின் அடையாளம். அதோடு, வெறும் காகிதம் காற்றில் பறந்துவிடும். உயரே போய்க் கிளையில் சிக்க ஒரு கனம் வேண்டுமே!

காகிதம் கிளையில் மாட்டிக்கொண்டால் வேண்டுதல் பலிக்கும். எவ்வளவு உயரத்தில் மாட்டுகிறதோ, அவ்வளவு விசேஷம். கீழே விழுந்துவிட்டால், `நீ கேட்டது கொஞ்சம் பேராசை’ என்று அர்த்தமாம். ஆனாலும் பெரும்பாலானவர்கள் சோர்ந்துவிடுவதில்லை. விழுந்த பழத்தை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் வீசுவார்கள். நான்காவது முறையில் மாட்டினாலும் மாட்டியது மாட்டியதுதான். சுற்றி நிற்கும் முன்பின் தெரியாதவர்கள்கூடக் கைதட்டுவார்கள்.

புத்தாண்டு முடியும்போது மரத்தில் இலைகள் தெரியாது. சிவப்பும் மஞ்சளுமாகக் காகிதங்கள்தான் தெரியும். ஆயிரக்கணக்கானவர்களின் படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தை, அம்மாவின் உடல்நலம் எல்லாம் ஒரே மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அன்று முறிந்தது கிளை

2005-ம் ஆண்டு, பிப்ரவரி 12. புத்தாண்டின் நான்காம் நாள். வழக்கம்போலக் கூட்டம். திடீரென்று மரத்தின் ஒரு கிளை முறிந்து, கீழே நின்றவர்கள் மேல் விழுந்தது. 62 வயதுப் பெரியவர் ஒருவரும், 4 வயதுச் சிறுவன் ஒருவனும் காயமடைந்தார்கள்.

நல்லது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வந்த இடத்தில் இப்படி நடந்தது ஹாங்காங்கை உலுக்கியது. ஒருவர் வீசும் ஒரு பழத்தின் எடை மரத்துக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால், வருஷக்கணக்காக ஆயிரக்கணக்கானவர்கள் வீசினால்? காகிதத்தோடும் பழத்தோடும் மழைநீரும் சேர்ந்துகொண்டால்? யாரும் மரத்துக்குக் கெடுதல் நினைக்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்ந்த பாரம் அது.

அதன் பிறகு மரத்தின் மீது வீசுவதற்குத் தடை வந்தது. மரத்துக்கு முட்டுக்கொடுத்து, சிகிச்சை செய்து, ஓய்வு கொடுத்தார்கள். பக்கத்திலேயே மரச்சட்டங்களை நட்டு, `இனி இதில் கட்டுங்கள்’ என்றார்கள். வேண்டுதல் காகிதங்கள் அந்தச் சட்டங்களுக்கு இடம் மாறின.

ஆனால், கட்டுவதும் வீசுவதும் ஒன்றாகிவிடுமா? குறிபார்த்து வீசும் அந்த ஒரு நொடிப் பதைபதைப்புக்காகவே வந்தவர்களுக்குச் சட்டத்தில் முடிச்சுப் போடுவது சப்பென்று இருந்திருக்கும். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். செயற்கை மரம் ஒன்றை நிறுத்தி, நிஜப் பழத்துக்குப் பதில் பிளாஸ்டிக் ஆரஞ்சைக் கொடுத்தார்கள். இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் வீசலாம். கிளை முறியாது, தலையில் விழுந்தாலும் பெரிதாக வலிக்காது.

`பிளாஸ்டிக் மரத்திடம் வேண்டினால் பலிக்குமா?’ என்று கேட்கலாம். வருஷா வருஷம் வந்து நிற்கும் கூட்டம் அந்தக் கேள்வியைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நிஜ மரம் பக்கத்தில்தானே நிற்கிறது!

மரத்துக்கு என்ன ஆகும்?

இலைகள் தயாரிக்கும் உணவு, பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய அடுக்கு வழியாகத்தான் வேருக்குப் போகிறது. கிளையைச் சுற்றி இறுக்கமாகக் கட்டிய நைலான் கயிறு, கிளை பருக்கப் பருக்க அந்த அடுக்கை நெரிக்கும். நாலைந்து வருஷத்தில் கயிறு பட்டைக்குள் புதைந்து, கிளை பட்டுப்போகவும் வாய்ப்புண்டு.

ஆணி அடித்தால் அந்தக் காயம் வழியே பூஞ்சை உள்ளே நுழையும். மரத்தடியில் எப்போதும் கூட்டம் நின்றால் மண் இறுகி, வேருக்குக் காற்றும் தண்ணீரும் கிடைப்பது குறையும்.

இதற்கு ஸ்காட்லாந்தில் ஒரு சோகமான உதாரணம் இருக்கிறது. மாரீ ஏரியின் நடுவில் மாரீ தீவு என்று ஒரு குட்டித் தீவு. அங்கிருந்த ஓக் மரத்தில் ஆரம்பத்தில் துணிகளைக் கட்டினார்கள், ஆணிகளை அடித்தார்கள். பிறகு, வேண்டிக்கொண்டு நாணயங்களை மரத்துக்குள் அடித்து இறக்குவது வழக்கமானது. 1877-ல் விக்டோரியா மகாராணியே அந்தத் தீவுக்குப் போய் வந்தார். புகழ் பரவப் பரவ நாணயங்களும் கூடின. கடைசியில் மரம் செத்துப்போனது. நாணயங்களில் இருந்த தாமிரமே விஷமானது என்கிறார்கள். நாணயங்கள் பதிந்த பட்டமரம்தான் மிஞ்சியது.

அதே ஸ்காட்லாந்தின் மன்லோக்கி கிராமத்துக்குப் பக்கத்தில், நீரூற்றைச் சுற்றியிருக்கும் மரங்களில் துணி கட்டும் வழக்கம் உண்டு. உடம்பு சரியில்லாதவரின் துணியை ஊற்றில் நனைத்துக் கட்டுவார்கள். துணி மக்க மக்க நோயும் குறையும் என்பது நம்பிக்கை. பருத்தியும் கம்பளியும் மட்டுமே இருந்த காலத்தில் உருவான நம்பிக்கை இது. பாலியஸ்டர் மக்காதே! அப்படியானால் நோய் எப்போது தீரும்? மக்கும் பொருளை மட்டும் கட்டுங்கள் என்று இன்று கேட்பவர்கள், அந்தப் பழைய நம்பிக்கையைத்தான் ஒருவகையில் திரும்பச் சொல்கிறார்கள்.

மரத்தின் காதில் ரகசியம்

மரத்தை வருத்தாமல் வேண்டிக்கொள்ள ஓர் அழகான வழியை அமெரிக்காவில் காட்டியிருக்கிறார்கள்.

ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோ, `வேண்டுதல் மரம்’ என்ற கலைப்படைப்பை 1996-லிருந்து பல நாடுகளில் வைத்துவருகிறார். சின்ன வயதில் கோயிலுக்குப் போகும்போது மெல்லிய காகிதத்தில் ஆசையை எழுதி மரக்கிளையில் கட்டிய நினைவுதான் இதற்கு வித்து. மரமும் சீட்டும் பேனாவும் தயாராக இருக்கும். வருகிறவர்கள் எழுதிக் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அவற்றில் ஒரு மரம் வாஷிங்டனில், ஹிர்ஷ்ஹார்ன் மியூசியத்தின் சிற்பத் தோட்டத்தில் 2007-ல் இடம்பிடித்தது. அங்கே ஒரு விதி வைத்தார்கள். கோடைக்காலத்தில் மட்டும் சீட்டுக் கட்டலாம். மற்ற மாதங்களில் மரத்துக்கு ஓய்வு. அப்போது வருகிறவர்கள் தங்கள் ஆசையை மரத்தின் காதில் கிசுகிசுத்துவிட்டுப் போகலாம்!

கட்டிய சீட்டுகள் குப்பைக்குப் போவதில்லை. ஓனோவின் மரங்களில் இதுவரை சேர்ந்த சீட்டுகள் 10 லட்சத்துக்கும் மேல். அவை ஐஸ்லாந்து நாட்டின் விதே தீவில் இருக்கும் `இமேஜின் பீஸ் டவர்’ ஒளிக்கோபுரத்துக்குப் போய்ச் சேர்கின்றன. ஓனோவின் கணவரும் பீட்டில்ஸ் பாடகருமான ஜான் லெனனின் நினைவாக, அவரது பிறந்தநாளான அக்டோபர் 9 அன்று 2007-ல் திறக்கப்பட்ட கோபுரம் அது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 9-லிருந்து, லெனன் கொல்லப்பட்ட நாளான டிசம்பர் 8 வரை அந்த ஒளி வானத்தை நோக்கி எரியும்.

தெருமுனையில் ஒரு மரம்

வேண்டுதல் மரத்துக்குக் கோயிலோ மியூசியமோ பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில், சாதாரணக் குடியிருப்புத் தெரு ஒன்றின் முனையில் நிற்கும் குதிரைச் செஸ்ட்நட் மரமும் இப்படி ஒரு வேண்டுதல் மரம்தான். அந்த வழியாக நடந்துபோகிறவர்கள் நின்று, சின்ன அட்டையில் எழுதி மாட்டிவிட்டுப் போகிறார்கள்.

இப்படி ஒரு மரத்தடியில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் எழுதுவதற்கு முன்னால் படிக்கத்தான் செய்வார்கள். அடுத்தவர் டைரியைப் படிப்பது தப்பு. ஆனால், மரத்தில் தொங்குவதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். குழந்தையின் கோணல் எழுத்துக்குப் பக்கத்தில் வயதானவரின் நடுங்கிய எழுத்து இருக்கும். யார் எழுதியது என்று தெரியாது. ஆனாலும் படித்த நொடியில், `பாவம், இது நடக்கட்டும்’ என்று மனசு சொல்லிவிடும். நமக்காக வேண்ட வந்த இடத்தில், முகம் தெரியாத ஒருவருக்காகவும் வேண்டிவிடுகிறோம்.

போன் இருக்கும் இடத்திலிருந்தே எதையும் யாருக்கும் அனுப்பிவிடலாம் என்ற காலத்திலும், மக்கள் இதற்காக பஸ் ஏறிப் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நாமும் கட்டலாம்... இப்படி!

கோயில் மரத்தில் தொட்டில் கட்டுவதும், மஞ்சள் கயிறு சுற்றுவதும் நமக்கும் பழக்கம்தானே? அடுத்த முறை கட்டும்போது இவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

* நைலான், பிளாஸ்டிக் கயிறு வேண்டாம். மக்கிப்போகும் பருத்தி நூல் போதும்.

* இறுக்கி முடிச்சுப் போடாதீர்கள். கிளை பருக்க இடம்விட்டுத் தளர்வாகக் கட்டுங்கள்.

* இளங்கிளைகளையும் காய்ந்த கிளைகளையும் விட்டுவிடுங்கள்.

* ஆணி, கம்பி, ஸ்டேப்ளர் பின் கூடவே கூடாது.

* மரத்தை ஒட்டி விளக்கு, ஊதுவத்தி, கற்பூரம் ஏற்ற வேண்டாம். சூடு பட்டையைக் கருக்கிவிடும்.

* மரத்தில் ஏற்கெனவே இடமில்லை என்றால், பக்கத்தில் ஒரு கம்பத்தையோ சட்டத்தையோ நட்டு அதில் கட்ட ஏற்பாடு செய்யலாம். லாம் சுவென் மக்கள் செய்தது அதைத்தான்.

லாம் சுவென் மரம் இன்றும் நிற்கிறது. முன்புபோல் அதன் மேல் ஆரஞ்சு பறப்பதில்லை. ஆனால், அங்கே போகிறவர்கள் பக்கத்திலிருக்கும் சட்டத்தில் தங்கள் காகிதத்தைக் கட்டிவிட்டு, மரத்தைப் பார்த்துத்தான் கும்பிடுகிறார்கள். ஒரு கிளையையும் வளைக்காமல் வேண்டுதல் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

உங்கள் ஊர் மரத்தில் இப்போது எத்தனை கயிறுகள் இருக்கின்றன? ஒருமுறை போய்ப் பாருங்களேன். கையில் ஒரு சின்ன கத்தரிக்கோல் இருந்தால், பட்டையை நெரிக்கும் ஒரு பழைய நைலான் கயிற்றை வெட்டிவிட்டும் வாருங்கள். அந்த மரம் நிறைய பேரின் ஆசைகளைச் சுமக்கிறது. அதற்கும் ஓர் ஆசை இருந்தால், அநேகமாக அது இதுவாகத்தான் இருக்கும்!