நூற்று எண்பத்தோராம் நாள் காலை

குறுவைக்கு 110 நாள், சி.ஆர். 1009 போட்டால் 155 நாள் என்று விரல்விட்டு எண்ணத் தெரிந்த வீடு அது, ஒரத்தநாட்டுப் பக்கம். மகன் கஞ்சா வழக்கில் ரிமாண்ட் ஆகி எத்தனை நாள் என்று கேட்டபோது மட்டும் அந்த அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. திருச்சி மத்திய சிறையில் மனு போட்டு அவனைப் பார்த்துவிட்டு வந்த நாட்களின் காலண்டர் தாள்களை ரேஷன் கார்டோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். உட்கார்ந்து எண்ணினேன். அன்று 186ஆம் நாள். குற்றப்பத்திரிகை 184ஆம் நாள் தாக்கலாகியிருந்தது. 180 நாள் கெடு முடிந்த பின் இடையில் கிடைத்த மூன்று நாளில் ஒரு மனு போட்டிருந்தால் பையன் ஜாமீனில் வந்திருக்கலாம். யாரும் போடவில்லை.

ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து கிளம்பும் கஞ்சா மூட்டை வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் படகேறி இலங்கைக்குப் போகப் பார்க்கிறது. வழியில் பிடிபடுகிறவர் பல நேரம் வண்டி ஓட்டியவர் அல்லது மூட்டை தூக்கியவர். கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் அது வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு, அதிகம் 20 ஆண்டு சிறை. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 37ஆம் பிரிவுப்படி, இவர் குற்றமற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினால்தான் சாதாரண ஜாமீன். விசாரணை தொடங்கும் முன்பே அப்படித் தோன்றுவது அபூர்வம்.

அதனால்தான் இன்னொரு கதவு முக்கியமாகிறது. உரிய காலத்துக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. வக்கீல்கள் இதை ஸ்டாட்யூட்டரி பெயில் என்பார்கள். இந்த ஜாமீனுக்கு 37ஆம் பிரிவு தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. சாதாரண வழக்குகளில் கெடு 60 அல்லது 90 நாள். வணிக அளவு போதைப்பொருள் வழக்கில் 180. இந்த உரிமை முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167ஆம் பிரிவில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187ஆம் பிரிவில் இருக்கிறது.

ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2023 மார்ச் தீர்ப்பு. மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12ஆம் தேதி ரிமாண்ட் என்றால் 180ஆம் நாள் டிசம்பர் 8. டிசம்பர் 9 காலை கோர்ட் கூடும்போது மனு உள்ளே போயிருக்க வேண்டும்.

காலையிலேயே ஏன்? சென்னையில் வருவாய்ப் புலனாய்வுத் துறை நடத்திய ஒரு வழக்கில் 2019 ஜனவரி 31ஆம் தேதியோடு 180 நாள் முடிந்தது. மறுநாள் காலை 10.30க்கு ஜாமீன் மனு. அன்று மாலை 4.25க்குத் துறை கூடுதல் புகாரைத் தாக்கல் செய்தது. சிறப்பு நீதிமன்றம் ஜாமீன் தந்தது, உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 அக்டோபர் 26 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் லலித், சாந்தனகௌடர், வினீத் சரண் அமர்வு அந்த ஜாமீனைத் திருப்பிக் கொடுத்தது. உரிமை பிறந்து, மனுவும் போட்ட பிறகு வரும் குற்றப்பத்திரிகையோ கால நீட்டிப்புக் கோரிக்கையோ அதை அழிக்காது. இந்த உரிமை பற்றிக் கைதிக்கு எடுத்துச் சொல்வது நீதிமன்றத்தின் கடமை என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஆனால் மனுவுக்கு முன்பே குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். ஒரத்தநாட்டில் நடந்தது அதுதான்.

கால நீட்டிப்பு ஓராண்டு வரை கிடைக்கும், கேட்டவுடன் அல்ல. போதைப்பொருள் சட்டத்தின் 36ஏ(4) பிரிவுப்படி அறிக்கை தர வேண்டியவர் அரசு வழக்கறிஞர். புலனாய்வு எதுவரை வந்திருக்கிறது, இந்த ஆளை இன்னும் உள்ளே வைக்கக் குறிப்பான காரணம் என்ன என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும். போலீஸ் எழுதியதைக் கையெழுத்திட்டு அனுப்பும் தபால்காரர் அல்ல அவர் என்பது 1994லிருந்தே நிலைத்த சட்டம். கோரிக்கையைக் கேட்கும்போது கைதி நேரிலோ காணொலியிலோ இருக்க வேண்டும், அவருக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அது கடும் சட்டமீறல் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆகவே 170ஆம் நாளுக்குப் பிறகு, நீட்டிப்பு மனு வந்திருக்கிறதா என்று வக்கீலிடம் தினமும் கேளுங்கள். கேட்பது குற்றமில்லை.

கஞ்சா விற்பவனுக்காக வாதாடுகிறாயா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. பள்ளிக்கூட வாசல்வரை அது வந்ததைப் பார்த்துக் கொதிக்கிறவன்தான் நானும். ஆறு மாதத்தில் புலனாய்வை முடிக்கச் சொல்வது கடத்தல்காரனுக்குச் செய்யும் சலுகை அல்ல. புலனாய்வின் மெத்தனத்துக்கு மூட்டை தூக்கியவன் சிறையில் கிடந்து விலை கொடுக்கக் கூடாது.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் போகலாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கட்டணமில்லா எண் 15100. ஜாமீன் உத்தரவு வந்ததும் அதில் சொன்ன கெடுவுக்குள் ஜாமீன்தாரர்களை நிறுத்த வேண்டும். தவறினால், அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால், கையில் கிடைத்ததும் போய்விடும். இரண்டு ஜாமீன்தாரர்களின் ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது ஆகியவற்றை 175ஆம் நாளே வாங்கி அந்தப் பிளாஸ்டிக் உறையில் வைத்துவிடுங்கள்.