நாலு பேர் நடுவே ஒரு சிகிச்சை

உளவியல் மாணவர்களுக்குக் குழு உளச்சிகிச்சை: ஓர் அறிமுகம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



குழு உளச்சிகிச்சை பற்றி மாணவர்களிடம் பேசப் போனால் முதலில் வருகிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "சார், நம்ம ஆளுங்க நாலு பேர் முன்னால வாயைத் திறப்பாங்களா?" என்று கேட்பார்கள்.

நியாயமான கேள்வி. நம் வீடுகளில் அந்த நாலு பேர் பெரிய நீதிபதிகள். மகள் மணவிலக்குப் பெற்று வீட்டுக்கு வந்தாலும், மகன் எஸ்.பி.எம். தேர்வில் தவறினாலும், கணவர் குடித்துவிட்டு வாசலில் விழுந்து கிடந்தாலும் முதலில் நினைவுக்கு வருவது "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்பதே. மனநலம் என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பேராக் மாநிலத்தில் 1911ஆம் ஆண்டு மனநல மருத்துவமனை திறக்கப்பட்ட ஒரே காரணத்திற்காகத் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊரின் பெயரையே நாம் கேலிச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அந்த மருத்துவமனைக்கு இன்று பஹாகியா, அதாவது மகிழ்ச்சி, என்று பெயர். கேலி மட்டும் பழைய ஊர்ப் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால், "நல்லது கெட்டதற்கு நாலு பேர் வேண்டும்" என்று சொல்பவர்களும் நாம்தானே? குழு உளச்சிகிச்சை இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் நிற்கிறது. எந்த நாலு பேருக்கு அஞ்சி ஒருவர் தம் மனத்தைப் பூட்டி வைத்தாரோ, அவர்களைப் போன்ற ஏழெட்டுப் பேர் நடுவே அமர்ந்து அதைத் திறந்து பார்க்கச் செய்வதே இந்தச் சிகிச்சை.

காசநோயாளிகளிடம் கற்ற பாடம்

இந்த முறை மனநல மருத்துவமனையில் பிறந்ததல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் 1905ஆம் ஆண்டு ஏழைக் காசநோயாளிகளை வாரம் ஒரு முறை ஒன்றுகூட்டத் தொடங்கினார். அன்று காசநோய்க்கு மருந்து கிடையாது. ஓய்வு, தூய காற்று, சத்துள்ள உணவு, இவைதான் சிகிச்சை. பணம் உள்ளவர்கள் சானடோரியங்களுக்குப் போனார்கள். போக வழியில்லாதவர்களுக்கு அதையே வீட்டில் கடைப்பிடிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் பிராட்டின் நோக்கம். ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் உடல் வெப்பநிலையையும் உண்ட உணவையும் ஓய்வெடுத்த நேரத்தையும் எழுதிக்கொண்டு வரவேண்டும்.

அவர் நடத்தியது வகுப்பு. ஆனால், வகுப்பில் வேறொன்றும் நடப்பதை அவர் கவனித்தார். வெவ்வேறு இனத்தவர், வெவ்வேறு சமயத்தவர் ஒரே நோயால் ஒருவருக்கொருவர் உறவாகிப் போனார்கள். உடல் எடை கூடியவரைப் பார்த்துக் கூடாதவருக்கு நம்பிக்கை வந்தது. மருத்துவர் சொல்லி வராத நம்பிக்கை, பக்கத்து நாற்காலியில் இருந்து வந்தது.

அடுத்த பெரிய உந்துதல் இரண்டாம் உலகப் போர். மனம் உடைந்து திரும்பிய சிப்பாய்கள் ஏராளம், மருத்துவர்களோ மிகக் குறைவு. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகருக்கு அருகில் இருந்த நார்த்பீல்ட் இராணுவ மருத்துவமனையில் வில்பிரட் பியோன், அவருக்குப் பின் சிக்மண்ட் ஃபோல்க்ஸ் போன்றவர்கள் குழுவையே மருந்தாகப் பயன்படுத்திப் பார்த்தனர். ஆள் பற்றாக்குறைக்காகக் கையில் எடுத்த முறை, போர் முடிந்த பிறகும் நிலைத்துவிட்டது. அப்படியானால் இது மலிவுச் சரக்கா என்று சிலர் கேட்பதுண்டு. தனிச் சிகிச்சையையும் குழுச் சிகிச்சையையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளை கேரி பர்லிங்கேம் குழுவினர் 2016ஆம் ஆண்டு தொகுத்துப் பார்த்தார்கள். ஒரே வகை நோயாளிகளுக்கு, ஒரே வகைச் சிகிச்சையை, ஒரே அளவில் கொடுத்தால் இரண்டின் பலனும் ஏறத்தாழ ஒன்றுதான் என்று தெரிந்தது.

வெளியே நடப்பது உள்ளேயும் நடக்கும்

உளவியல் மாணவர்கள் இத்துறையில் தவறாமல் சந்திக்கும் பெயர் இர்வின் யாலோம். அமெரிக்க மனநல மருத்துவர். குழு உளச்சிகிச்சையின் கோட்பாடும் நடைமுறையும் பற்றி 1970ஆம் ஆண்டு அவர் எழுதிய பாடநூல், 2020ஆம் ஆண்டு மோலின் லெஷ்ச் என்பவருடன் சேர்ந்து ஆறாம் பதிப்பைக் கண்டது. குழு எப்படிக் குணப்படுத்துகிறது என்பதற்கு அவர் 11 காரணிகளைச் சொல்கிறார். தேர்வுக்காக அவற்றை நீங்கள் மனனம் செய்துவிடுவீர்கள். அதனால் அந்தப் பட்டியலை இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. அதில் இருக்கும் ஒரே ஒரு கருத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது புரிந்தால் பாக்கி எல்லாம் தானாகப் புரியும்.

ஒருவர் வெளியுலகில் மற்றவர்களிடம் எப்படிப் பழகுகிறாரோ, கொஞ்ச நாளில் குழுவுக்குள்ளும் அப்படியே பழகத் தொடங்கிவிடுவார். குழு, அவருடைய உலகத்தின் சிறிய வடிவம்.

கற்பனையாக ஓர் உதாரணம் சொல்கிறேன். 50 வயதை நெருங்கும் ஒரு பெண்மணி. கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் கோலாலம்பூரில் வேலை. "என்னை யாருமே கண்டுக்கிறதில்லை" என்பது அவருடைய குறை. தனியாக ஆலோசகரைப் பார்த்தபோதும் அதையே சொல்லி அழுதார். ஆலோசகர் கேட்டுக்கொண்டார், ஆறுதல் சொன்னார். பிறகு அவர் ஒரு குழுவில் சேர்கிறார். முதல் வாரமே எல்லோருக்கும் பிடித்துப்போகிறது. யார் அழுதாலும் டிஷ்யூவை நீட்டுவது அவர்தான். வராதவரைப் பற்றி அக்கறையாக விசாரிப்பதும் அவர்தான். மூன்று, நான்கு வாரம் இப்படியே போகிறது. ஒருநாள், வேலை இழந்து குழுவுக்கு வந்த இளைஞர் ஒருவர் மெதுவாகச் சொல்கிறார்: "அக்கா, நீங்க என்கிட்ட எல்லாத்தையும் கேக்குறீங்க. நான் உங்களப் பத்திக் கேட்டா பேச்ச மாத்திடுறீங்க. ரெண்டு தடவ கேட்டுப் பாத்தேன். அப்புறம் கேக்கவே தோணல."

அந்த அறை சற்று நேரம் அமைதியாகிவிடும்.

அந்தப் பெண்மணி இத்தனை ஆண்டுகளாகத் தேடிய விடை இதுதான். அவரை யாரும் கண்டுகொள்ளாமல் இல்லை. கண்டுகொள்ள வந்தவர்களை அவரே அன்பாக வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார். தனிச் சிகிச்சையில் இது தெரிய நாளாகும். ஏனென்றால், அங்கே அவர் தம் உறவுகளைப் பற்றிச் சொல்கிறார். இங்கே உறவே கண்ணெதிரில் நடக்கிறது. "இங்கே, இப்போது" என்பதில் நில்லுங்கள் என்று ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். போன வாரம் மருமகள் என்ன சொன்னாள் என்ற கதையைவிட, இப்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்ப்பது ஏன் என்ற கேள்வி அதிகத் தொலைவு கொண்டுபோகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதை அவரிடம் சொன்னவர் சிகிச்சையாளர் அல்லர். சிகிச்சையாளர் சொல்லியிருந்தால், "படித்தவர், அப்படித்தான் சொல்வார்" என்று போயிருக்கும். அவரிடமிருந்து எதையும் எதிர்பார்க்காத, அவரைப் போலவே காயப்பட்ட ஒருவர் சொன்னார். சொன்ன இளைஞருக்கும் அதில் பலன் இருக்கிறது. எதற்கும் உதவாதவன் என்று தன்னை நினைத்துக்கொண்டு வந்தவர், இன்னொருவருக்குப் பயன்பட்டிருக்கிறார்.

அறிவுரை என்னும் சோதனை

நம் மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான். அறிவுரை சொல்லாமல் நம்மால் இருக்க முடியாது. குழுவில் ஒருவர், "ராத்திரி தூக்கம் வரலை" என்றால் போதும், ஒருவர் பாலில் மஞ்சள் போடச் சொல்வார், இன்னொருவர் கோயிலுக்குப் போகச் சொல்வார், மூன்றாமவர் யோகா வகுப்பின் முகவரியையே கொடுத்துவிடுவார். எல்லாம் நல்ல எண்ணம்தான். ஆனால், சொல்ல வந்தவர் சொல்லாமலேயே வீடு திரும்புவார். சீக்கிரம் சொல்லப்படும் அறிவுரை, "உன் வேதனையைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை" என்பதன் மரியாதையான வடிவமாகப் பல நேரங்களில் இருந்துவிடுகிறது.

யாலோமும் அவருடைய சகாக்களும், குழுச் சிகிச்சையால் நல்ல பலன் பெற்ற 20 பேரிடம் 60 வாசகங்களைக் கொடுத்து, உங்களுக்கு உதவியது எது என்று வரிசைப்படுத்தச் சொன்னார்கள். அறிவுரை, வழிகாட்டுதல் பற்றிய வாசகங்கள் பட்டியலின் அடிப்பகுதிக்குப் போயின. முதல் இடத்தில் வந்தது, தனக்கே தெரியாமலும் பிடிக்காமலும் இருந்த தன் பகுதிகளைக் கண்டு ஏற்றுக்கொண்டது என்ற வாசகம். இருபது பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும், வாயைத் திறக்குமுன் நினைத்துப் பார்க்க வேண்டிய முடிவு இது.

அப்படியானால் சிகிச்சையாளருக்கு என்னதான் வேலை? பியோன் 1948ஆம் ஆண்டு லண்டன் தவிஸ்தாக் நிலையத்தில் குழுக்களை எடுத்து நடத்தியபோது, உறுப்பினர்கள் அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருக்க, அவரோ வழக்கமான தலைவரைப் போல எதையும் தொடங்கி வைக்காமல் அமர்ந்திருந்தாராம். எரிச்சலும் குழப்பமும் வந்தன. வழிநடத்த ஒரு கடவுளைத் தேடுவது, சண்டை போடுவது அல்லது ஓடுவது, இருவரை ஜோடி சேர்த்து அவர்களிடம் அற்புதத்தை எதிர்பார்ப்பது என்று குழுக்கள் போகும் மூன்று வழிகளை அவர் பிற்பாடு எழுதினார். அவர் அளவுக்கு மௌனமாக இருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். புதிதாக வருபவர்கள் பயந்து நின்றுவிடுவார்கள். ஆனால், மௌனம் விழுந்த ஐந்தாவது விநாடியில் பதறிப்போய்ப் பேசத் தொடங்காதீர்கள்.

வெளியே போகக் கூடாத பேச்சு

இனி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். நம் சமூகம் சிறியது. ஈப்போவில் ஒரு குழு கூட்டினால் ஒருவர் இன்னொருவருக்கு ஒன்றுவிட்ட சம்பந்தியாக இருக்க வாய்ப்புண்டு. எனவே இரகசியக் காப்பு இங்கே ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

மாணவர்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டியது: இரகசியத்தைக் காப்பேன் என்று சிகிச்சையாளர் தம்மைப் பற்றி உறுதி கூறலாம். மற்ற ஏழு பேர் சார்பாக அவர் உறுதி கூற முடியாது. அவர்கள் தொழில் நெறிக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர், வாக்குக்குக் கட்டுப்பட்டவர்கள். இதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குழுவில் சேர்க்கும் முன்பே ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தித்து, யார் யார் வருகிறார்கள் என்பதால் சங்கடம் வருமா என்று பேசிவிடுவது நல்லது. உறவினரோ ஒரே அலுவலகத்தாரோ ஒரே குழுவில் வேண்டாம். கடும் நெருக்கடியில் இருப்பவரையும், மாயக் குரல்கள் கேட்டுத் தத்தளிப்பவரையும் இத்தகைய பேச்சுக் குழுவில் உடனே அமர்த்தக் கூடாது. அவர்களுக்கு முதலில் வேறு உதவி தேவை.

உயிருக்கு ஆபத்து என்று வரும்போது இரகசியத்துக்கும் எல்லை உண்டு. அந்த எல்லையையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முன்பெல்லாம் இதில் இன்னொரு பயமும் இருந்தது. தற்கொலைக்கு முயல்வது மலேசியாவில் தண்டனைக்குரிய குற்றம். தண்டனைச் சட்டத் தொகுப்பின் 309ஆவது பிரிவு 2023ஆம் ஆண்டுதான் நீக்கப்பட்டது. சிங்கப்பூரில் 2020இலேயே அந்த மாற்றம் வந்துவிட்டது. "நானும் ஒருமுறை முயன்றேன்" என்று ஒருவர் சொன்னால், இன்று அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, உதவி கேட்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எதிர் நாற்காலியில் இருக்கும் ஒருவர் தலை நிமிர்ந்து, "நானும்தான்" என்று சொல்லக்கூடும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் இப்படி என்ற எண்ணம் உடைகிற நேரம் அது.

ஆர்வக் கோளாறில் யாரும் நாளைக்கே எட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட வேண்டாம். மலேசியாவில் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, பதிவு பெறாதவர்கள் ஆலோசகர் என்ற பெயரில் தொழில் நடத்த முடியாது. படிக்கும் காலத்தில் அனுபவமுள்ள ஒருவருக்குத் துணையாக அமருங்கள். வாய்ப்புக் கிடைத்தால், முதலில் உறுப்பினராகவே ஒரு பயிற்சிக் குழுவில் இருந்து பாருங்கள். முதல் வாரம் உங்கள் உள்ளங்கை எப்படி வியர்க்கிறது என்று தெரிந்துகொண்டவர்களுக்கு, பிறர் தயங்கும்போது கோபம் வராது.

நடைமுறை விவரம் சில: பொதுவாக ஏழெட்டுப் பேர், வாரம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம் போல. நடுவில் மேசை வேண்டாம். குறித்த நேரத்தில் தொடங்கி, குறித்த நேரத்தில் முடியுங்கள். கல்யாண அழைப்பிதழில் போடும் நேரம் போல இருக்கக் கூடாது. இந்தக் கருத்தரங்கிலும் நாம் நாற்காலிகளைப் போட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால், எல்லோரும் கேமராவைப் பார்த்துப் பேசுகிறோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அதனால் இது குழு உளச்சிகிச்சை ஆகாது.

"ஒருவர் வராவிட்டால் என்ன செய்வது?" என்று மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய நாற்காலியை எடுத்து ஓரமாக வைத்துவிடாதீர்கள். வட்டத்திலேயே காலியாக இருக்கட்டும். அதைப் பார்த்துக் கோபப்படுபவர் யார், கவலைப்படுபவர் யார், "நான் சொன்னதால்தான் வரவில்லையோ" என்று குற்ற உணர்ச்சியில் குறுகுபவர் யார் என்று கவனியுங்கள். அடுத்த வாரம் அவர் வந்ததும், அந்த நாற்காலியைப் பற்றி என்ன பேசினீர்கள் என்பதை அவரிடம் சொல்லுங்கள்.