தேய்ந்த ரீமரைச் சாணை பிடித்தல்

வீட்டின் பின்கட்டில் ஒரு லேத்தும் ஒரு துளைப்பொறியும் வைத்துத் தொழில் நடத்துவோர் இந்நாட்டில் எண்ணற்றவர். ராஜ்கோட்டில் எஞ்சின் உறுப்புகளும், லூதியானாவில் மிதிவண்டி உறுப்புகளும், புனேயில் மோட்டார் உறுப்புகளும் இத்தகைய சிறு பட்டறைகள் பலவற்றில் உருவாகின்றன. பிழைப்பை நாடிச் சென்ற தமிழர் பலரும் இத்தொழிலில் கைதேர்ந்து விளங்குகின்றனர். அவர்களுடைய கருவிப் பெட்டியில் தவறாமல் இடம் பெறுவது ரீமர். அது தேய்ந்தால் என் செய்வது என்பதை இன்று ஆராய்வோம்.

துரப்பணம் இட்ட துளையைச் சிறிதளவு அகலப்படுத்தி, வழவழப்பாக்கி, சரியான அளவுக்குக் கொணர்வதே ரீமரின் பணி. 12 மி.மீ. துளையை எச்7 என்னும் அளவுத் தரத்தில் கேட்டால், அது 12.000 மி.மீ.க்குக் குறைதலும் கூடாது, 12.018 மி.மீ.க்கு மிகுதலும் கூடாது. இவ்வரம்பைத் தாண்டினால் செய்த உறுப்பு திரும்பி வரும். உலோகமும் போகும், உழைப்பும் போகும், அடுத்த வேலையும் கைநழுவும். தேய்ந்த ரீமரை அறியாமல் பயன்படுத்துவதால் விளையும் கேடு இத்தகையது.

சாணை பிடிக்குமுன், ரீமர் எவ்விடத்தில் வெட்டுகிறது என்பதை அறிதல் வேண்டும். எந்திரத்தில் பொருத்தும் ரீமர் தன் பக்கங்களால் வெட்டுவதில்லை. நுனியில் 45 பாகைச் சாய்வில் அமைந்த சிறு சரிவே உலோகத்தை வெட்டுகிறது. ஒவ்வொரு பல்லின் மேலும் நீளவாட்டில் ஓடும் ஒடுங்கிய வட்டப்பட்டை, கருவிக்கு வழிகாட்டுவதோடு துளையின் அளவையும் காக்கிறது. கையால் திருப்பும் ரீமருக்கோ நுனியில் நீண்ட கூம்பு உண்டு. அதற்கு வெட்டும் இடம் அக்கூம்பே.

ஆகவே, எந்திர ரீமர் மழுங்கினால் பெரும்பாலும் நுனிச் சரிவை மட்டும் சாணை பிடித்தாற் போதும், விட்டம் மாறாது. சரிவும் பட்டையும் சந்திக்கும் மூலையே முதலில் தேய்வது. அம்மூலை கூர்மை பெறும் வரை நுனியைப் பின்வாங்கச் செய்தல் வேண்டும். பற்கள் அனைத்தின் சரிவும் ஒரே உயரத்தில் இருத்தல் இன்றியமையாதது. ஒரு பல் மட்டும் முன்னே நின்றால், அதுவே பாரம் முழுவதையும் சுமக்கும். துளையும் அளவு மீறும்.

பட்டையே தேய்ந்து விட்டம் குறைந்திருந்தால், சாணையால் பழைய அளவை மீட்க இயலாது. கல் எடுக்குமேயன்றிக் கொடுக்காது. பல்லின் முகத்தைக் கடினமான கருவியால் அழுத்தித் தேய்த்து, ஓரத்தைச் சற்றே புடைக்கச் செய்யும் பழைய உத்தி ஒன்று உண்டு. அது ஓரிரு துளைகளுக்கே தாங்கும். அத்தகைய ரீமரை அதனினும் சிறிய அளவுக்கு மாற்றுவதே அறிவுடைமை. 11.99 மி.மீ.க்குத் தேய்ந்த ரீமரை 11.97 மி.மீ.க்குக் குறைத்தால், 12 மி.மீ. தண்டை அழுத்திப் பொருத்தும் துளைகளுக்கு அது நன்கு பயன்படும்.

இதனை லேத்திலேயே செய்யலாம். ரீமரின் இரு முனைகளிலும் உள்ள சென்டர்களைத் துடைத்து, அவற்றினிடையே அதைத் தாங்கச் செய்க. டயல் கடிகாரம் வைத்து, கோணலின்றிச் சுழல்கிறதா என்று பார்க்க. கருவித்தாங்கியில் சிறிய சாணைப்பொறியைப் பொருத்துக. துகள் படாதவாறு லேத்தின் தடங்களைத் துணியால் மூடுதலும், கண்ணாடி அணிதலும் மறவற்க. பல்லின் பின்புறம் முதலிற் கல்லைத் தொடுமாறு ரீமரை எதிர்த்திசையில் மெல்லச் சுழற்றுக. துளைக்குள் ரீமரை ஒருபோதும் பின்னோக்கிச் சுழற்றலாகாது, கூர்மை கெடும். சாணையிலோ பின்னோக்கிச் சுழற்றுவதே முறை. ஒவ்வொரு முறையும் நூற்றிலொரு மில்லிமீட்டருக்கு மேல் எடுக்க வேண்டாம். உயர்வேக எஃகு வெப்பத்தைத் தாங்கவல்லதாயினும், ஓரம் நீலம் பூத்தால் அதன் உறுதி ஐயத்துக்குரியது.

இவ்வாறு வட்டமாகத் தேய்த்தபின் பல்லின் மேற்பகுதி முழுவதும் துளையை உரசும் நிலையில் இருக்கும். அப்படியே விட்டால் சூடேறிப் பற்றிக்கொள்ளும். எனவே, ஓரத்தில் சுமார் 0.2 மி.மீ. பட்டையை மட்டும் விட்டு, எஞ்சியதைப் பின்னோக்கிச் சரித்தல் வேண்டும். கிண்ணக் கல்லால் இதைச் செய்யும்போது, பல்லைத் தாங்கும் தகட்டை ரீமரின் மையத்துக்குக் கீழே இறக்கி வைத்தால் வேண்டிய சரிவு கிட்டும். ரீமரின் ஆரத்தைச் சரிவுக் கோணத்தின் சைனால் பெருக்கினால் இறக்க வேண்டிய அளவு வரும். 12 மி.மீ. ரீமருக்கு 6 பாகைச் சரிவு வேண்டுமாயின், அது 0.63 மி.மீ. ஆகும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. துளையில் அதிர்வுக் கோடுகள் விழாதிருக்கப் பல ரீமர்களில் பற்களைச் சமமற்ற இடைவெளியில் அமைத்திருப்பர். ஆதலின், வட்டத்தைச் சம பங்குகளாக்கித் திருப்பினால் பிழை நேரும். எந்தப் பல்லைத் தேய்க்கிறோமோ, அந்தப் பல்லின் மேலேயே தாங்குதகடு படிதல் வேண்டும்.

இறுதியாக, நுனிச் சரிவை மீண்டும் அமைத்து, நுண்ணிய எண்ணெய்க்கல்லால் பல்லின் முகத்தை மட்டும் இலேசாகத் தேய்த்துப் பிசிறு நீக்குக. வேலைக்குரிய உலோகத்திலேயே ஒரு துண்டில் துளையிட்டு அளந்து பார்க்க. ரீமர் தன் விட்டத்தினும் சற்றே மிகுதியாக வெட்டுவது இயல்பு. மைக்ரோமீட்டர் காட்டும் ரீமரின் அளவைவிடச் சோதனைத் துளையின் அளவே நமக்குச் சான்று.

இன்னும் ஒரு கடமை எஞ்சியுள்ளது. ரீமரின் தண்டில் பொறித்திருக்கும் பழைய எண்ணை அழித்துப் புதிய அளவை எழுதிவைத்தல் வேண்டும். 11.97 ஆகிவிட்ட கருவியின் மேல் 12 என்னும் எண் நீடித்திருந்தால், நாளை நம் மகனோ உதவியாளரோ அதை நம்பி எடுப்பர். நாம் காப்பாற்றிய கருவியே அன்று நூறு உறுப்புகளைக் கெடுத்துவிடும்.