போர்த்துக்கேயர் புறப்பட்ட நகரம்

1505ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தனர் என்று வரலாற்றுப் பாடத்தில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அவர்களுடைய தலைநகரைப் பற்றி அதிகம் படித்ததில்லை. கடந்த விடுமுறையில் வாப்பாவுடன் லிஸ்பன் நகரில் சில நாட்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

தேஜோ நதி கடலோடு சேரும் இடத்தில், குன்றுகளின் மேல் அமைந்த நகரம் இது. 8ஆம் நூற்றாண்டு முதல் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் இங்கு முஸ்லிம்களின் ஆட்சி நிலவியது. அப்போது இதன் பெயர் அல் உஷ்பூனா. கோட்டைக்குக் கீழே உள்ள பழைய குடியிருப்பை இன்றும் அல்ஃபாமா என்றே அழைக்கின்றனர். வெந்நீரூற்றைக் குறிக்கும் ‘அல் ஹம்மா’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. கைகளை விரித்தால் இருபக்கச் சுவர்களையும் தொடக்கூடிய ஒழுங்கைகளும் அங்கு உண்டு.

1147இல் மன்னர் அபோன்சோ என்ரிக்கஸ் சிலுவைப் போர் வீரர்களின் துணையுடன் நகரைக் கைப்பற்றினார். எஞ்சிய முஸ்லிம்கள் மதிலுக்கு வெளியே குடியிருத்தப்பட்டனர். அந்த இடத்தின் பெயர் மொராரியா, அதாவது ‘மூர்களின் பகுதி’. பெயர்ப்பலகையைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். நாம் தமிழில் சோனகர், ஆங்கிலத்தில் மூர். அந்த இரண்டாவது பெயரை இலங்கைக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயரே. தம் நாட்டு முஸ்லிம்களுக்கு வழங்கிய பெயரையே, இங்கு கண்ட முஸ்லிம்களுக்கும் வைத்துவிட்டனர்.

1496 டிசம்பரில் மன்னர் மனுவேல் யூதரும் முஸ்லிம்களும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டார். அடுத்த ஜூலையில் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டன. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான், 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து எம் முன்னோரை வெளியேற்றியது விளங்கும். அவர்களுக்குக் கண்டி மன்னர் செனரத் இடமளித்தார். பலர் மட்டக்களப்புப் பக்கம் குடியேறினர்.

கப்பல்கள் புறப்பட்ட பெலேம் துறையருகே ஜெரோனிமோஸ் மடாலயம் இருக்கிறது. 1501இல் தொடங்கிய கட்டடம். தூண்களில் கப்பற்கயிறுகளையும் கடல்வாழ் உயிரினங்களையும் செதுக்கியிருக்கிறார்கள். மிக அழகானது, மறுக்க முடியாது. ஆனால் அதற்கான செலவில் பெரும்பகுதி கீழைத்தேய வாசனைத் திரவிய வணிகத்தின் மீதான வரியிலிருந்து வந்தது.

அந்தச் செல்வமெல்லாம் குவிந்திருந்த நகரம் 1755 நவம்பர் 1ஆம் திகதி காலையில் அழிந்தது. முதலில் பூகம்பம், பிறகு ஆழிப்பேரலை, அதன்பின் பல நாட்கள் எரிந்த தீ. ஆற்றங்கரை அரண்மனையும் அதன் நூலகமும் போயின. 2004ஐக் கண்ட நாட்டவர்களான எமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாறைமேல் நின்ற அல்ஃபாமாவின் ஒழுங்கைகள் பெரும்பாலும் தப்பின. தாழ்நிலமான பைஷா தரைமட்டமாயிற்று.

அமைச்சர் பொம்பால் பைஷாவை நேரான, அகன்ற வீதிகளுடன் மீண்டும் கட்டுவித்தார். சுவர்களுக்குள் மரச்சட்டங்களைக் கூண்டுபோல் பொருத்தினர். மண் அசைந்தாலும் கட்டடம் சரியாதிருக்கவே இந்த ஏற்பாடு. மாதிரியைச் சுற்றிப் படைவீரர்களை நடக்கவிட்டு அதன் உறுதியைச் சோதித்தார்களாம். கார்மோ மடாலயத்தை மட்டும் கூரையில்லாமலே விட்டுவைத்திருக்கிறார்கள். வளைவுகளுக்கிடையே வானம் தெரிகிறது. நான் அதிக நேரம் இருந்த இடம் அதுதான்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று: நடைபாதைகள் வழுவழுப்பான சுண்ணாம்புக் கற்களால் ஆனவை, மழையில் வழுக்கும். நல்ல சப்பாத்து அவசியம். கடையில் ‘சப்பாத்து’ என்றே கேட்கலாம், விளங்கிக்கொள்வார்கள். அது அவர்கள் எமக்குத் தந்த சொல்தான்.