சுண்ணாம்புச் சுவரில் எமல்ஷன்

பாளையம்பட்டிப் பக்கம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. மாறியது பொருள்தான். சுண்ணாம்பு மட்டை பிடித்த கையில் இப்போது ரோலர். மண்பானை இருந்த இடத்தில் எமல்ஷன் வாளி. தையில் பளிச்சென்று இருந்த சுவர் ஐப்பசி அடைமழை ஓய்ந்ததும் அப்பளம் அப்பளமாகப் பொரிந்து உதிர்ந்தால், பெயின்ட் கம்பெனிக்கு ஒரு திட்டு, பெயின்டருக்கு இரண்டு திட்டு விழும். திட்டுவதற்கு முன்னால் உதிர்ந்த சில்லு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெள்ளை மாவு அப்பியிருக்கும். பெயின்ட் தன் பிடியை விடவே இல்லை. அதன் அடியில் இருந்த பழைய சுண்ணாம்புதான் சுவரை விட்டிருக்கிறது.

அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது? அருப்புக்கோட்டைக்குத் தெற்கே பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் சுரங்கம் உண்டு. அந்தக் கல் விருதுநகர் அருகே ராமசாமிராஜா நகர் சிமென்ட் ஆலைக்குப் போகிறது. இதே வகைக் கல்லைக் காளவாசலில் சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகவைத்தால், உள்ளே இருக்கும் கரியமில வாயு பிரிந்து போய்விடும். சுத்தமான கல் 100 கிலோ போட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். மீதி 44 கிலோவும் காற்றோடு போனதுதான். இதில் தண்ணீர் ஊற்றினால் அடுப்பே இல்லாமல் கொதித்து, நீறி, குழம்பாகும். சுவரில் பூசிய பிறகு, இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாக இறுகும். ஒட்டவைக்கத் தனியாக ஒரு பசை இதற்குத் தேவைப்படுவதில்லை.

ஆனால் கல்லாக இறுக ஈரம் வேண்டும். நம் சீமையில் அதற்குத்தான் பஞ்சம். உச்சிவெயிலில் காய்ந்து கிடக்கும் சுவரில் சுண்ணாம்பு அடித்தால் பத்து நிமிடத்தில் தண்ணீர் பறந்துவிடும். பாதி கல்லாகி, பாதி மாவாகவே நின்றுவிடும். சாய்ந்து உட்கார்ந்தால் சட்டையில் ஒட்டுவது அந்த மாவுதான். விவரம் தெரிந்தவர்கள் முதலில் சுவரை நனைத்துவிட்டு, வெயில் ஏறுமுன் அடித்து முடிப்பார்கள். அவசரக்காரர்களே அதிகம் என்பதால், இருபது பொங்கல் கண்ட சுவரில் இருபது படலம் இருக்கும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே மாவும் இருக்கும்.

அடிக்கும்போது வெறும் தண்ணீர் தடவியதுபோல் தெரிகிற சுண்ணாம்பு, காய்ந்ததும் வெளுப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒளியை வளைக்கும் திறன் தண்ணீருக்கு 1.33, சுண்ணாம்புக்கு ஏறத்தாழ 1.6. இரண்டுக்கும் வித்தியாசம் குறைவு என்பதால் ஈரமாக இருக்கும்வரை ஒளி ஊடுருவிப் போய்விடுகிறது. தண்ணீர் போய்க் காற்று வந்து உட்கார்ந்ததும் ஒளி சிதறி வெள்ளையாகிறது. எமல்ஷனில் வெள்ளை தருவது டைட்டானியம் டையாக்சைடு. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட் அதன் மூலத்தாது. டைட்டானியம் டையாக்சைடின் எண் 2.7. அதனால்தான் இரண்டே கோட்டில் பழைய காவியும் நீலமும் மறைந்துவிடுகின்றன.

எமல்ஷன் என்பது தண்ணீரில் மிதக்கும் மிக நுண்ணிய அக்ரிலிக் துகள்கள். தண்ணீர் வற்ற வற்ற அவை நெருங்கி, ஒன்றோடொன்று உருகி ஒட்டி, ஒரே தோலாகிவிடும். அந்தத் தோல் காயும்போது சுருங்கி, அடியில் இருப்பதைப் பிடித்து இழுக்கும். அடியில் கெட்டியான பூச்சு இருந்தால் கவலையில்லை. மாவு இருந்தால் தோல் மாவோடு கிளம்பிவரும். ஆயில் பெயின்ட் கதை இன்னும் மோசம். ஈரச் சுண்ணாம்பின் கார அளவு (pH) 12-க்கும் மேல். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு என்பது பள்ளிப் பாடம். அடுப்புப் புகைக்குத் தாங்கும் என்று புதுப் பூச்சின்மேல் அவசரமாக அடித்த ஆயில் பெயின்ட் பிசுபிசுத்து நிற்பது இதனால்தான்.

ஆகவே வேலை பெயின்ட் டப்பாவைத் திறக்குமுன்பே இருக்கிறது. சுவரைத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டுச் சுரண்ட வேண்டும். ஈரத்தில் படலம் இளகும், தூசியும் பறக்காது. கழுவிக் காய்ந்த பிறகு உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பார்க்கலாம். செலோ டேப்பை ஒட்டிச் சடக்கென்று உரிப்பது இன்னும் நல்ல சோதனை. டேப்பில் வெள்ளை வந்தால் திரும்பவும் சுரண்டத்தான் வேண்டும். அதற்கப்புறம்தான் காரம் தாங்கும் பிரைமர், பட்டி பார்ப்பது, உப்புத்தாள் எல்லாம். சுரண்டுகிற கூலியை மிச்சம் பிடிக்க, சுண்ணாம்பின் மேலேயே பட்டி பார்க்கச் சொல்லும் வீட்டுக்காரர்கள் உண்டு. பட்டியும் சேர்ந்து விழும், அவ்வளவுதான்.

எல்லாச் சுவரையும் மாற்றத்தான் வேண்டுமா? என்னைக் கேட்டால் வேண்டாம். மண்சாந்தில் கட்டிய பழைய வீடுகளில் தரையிலிருந்து ஈரம் ஏறும். உவர்நிலமாக இருந்தால் உப்பையும் கூடவே கொண்டுவரும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை ஆவியாக வெளியே விட்டுவிடும். எமல்ஷன் தோல் அதைத் தடுக்கும். உப்பு உள்ளேயே பூத்துப் பூச்சைத் தள்ளும். கரிசலில் நிற்கும் வீட்டுக்கு இன்னொரு தொல்லை: மழையில் மண் உப்பும், கோடையில் வெடிக்கும், சுவரும் கூடவே அசையும். மயிரிழை விரிசலைச் சுண்ணாம்பு மழைநீரில் கொஞ்சம் கரைந்து தானே அடைத்துக்கொள்வதுண்டு. விரல் நுழைகிற விரிசலுக்கு எந்தப் பெயின்டும் மருந்தல்ல. கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும். ஈரம் ஏறாத உள் அறைகளுக்கு எமல்ஷன் தாராளமாக அடிக்கலாம். கொல்லைப்புறச் சுவரும் தொழுவமும் சுண்ணாம்பிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

கதவு, ஜன்னலில் இருக்கும் பழைய எனாமலை மாற்றுவோர் மட்டும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதற்கு முந்திய மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல்களில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். மூச்சில் போனாலும் வாயில் போனாலும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிற விஷம் அது. புது பெயின்ட் ஒட்ட, எனாமலின் மினுமினுப்பைத் தேய்த்தே ஆகவேண்டும். அதை வறட்டுத் தேய்ப்பாகத் தேய்க்காமல், தண்ணீர் தாளை நனைத்து நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அன்றைக்கு வேறு வீட்டில் இருக்கட்டும். துடைத்த துணியையும் உதிர்ந்த சில்லுகளையும் பையில் கட்டிப் போட வேண்டும், அடுப்பில் போடக் கூடாது. வேலைக்குப் போட்டிருந்த சட்டையை மற்றத் துணிகளோடு சேர்த்து ஊறவைக்கவும் கூடாது.